பெயர் தெரியாத மீசை மீனை அடையாளம் காண்பது எப்படி?

சென்னை கொளத்தூர்ப் பக்கம் வளர்ப்பு மீன் வாங்கப் போனவர்களுக்குத் தெரியும். தேடிப் போனது ஒன்றாக இருக்கும், பையில் வந்து சேர்வது வேறொன்றாக இருக்கும். ஒரு முறை நியான் டெட்ராவுக்குத் தீனி வாங்கப் போன நான், மூன்று கெளுத்திகளோடு திரும்பினேன். விரல் நீளம், வெள்ளி உடம்பு, பக்கவாட்டில் கறுப்புக் கோடுகள், உடம்பில் பாதிக்கு மேல் நீளமான மீசை. "சவுத் அமெரிக்கன் கேட்ஃபிஷ் சார், அமேசான் அயிட்டம்" என்றார் கடைக்காரர். ஒன்று 150 ரூபாய்.

வீட்டுக்கு வந்து இணையத்தில் படம் படமாகத் தேடினேன். கோடு போட்ட பிமெலோடஸ் என்று ஒரு தென் அமெரிக்க மீன் கிடைத்தது. நிறமும் கோடும் அப்படியே பொருந்தின. பெயரைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் ஒரு மாதம் ஓடியது. அதற்குள் 12 நியான்கள் 5 ஆகியிருந்தன. அப்புறம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அத்தை வந்தார். தொட்டியை ஒரே ஒரு முறை குனிந்து பார்த்தார். "ஏண்டா, கெளுத்தியப் போயா காசு குடுத்து வாங்குன? நம்ம வாய்க்கால்ல கிடக்குமே!"

அத்தை சொன்னது சரிதான் என்று உறுதிசெய்ய எனக்கு இன்னும் இரண்டு நாள் பிடித்தது. நான் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல், நிறத்தையும் கடைக்காரர் சொன்ன ஊரையும் மட்டுமே பிடித்துத் தொங்கியிருந்தேன். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற வரிசை தெரிந்தால், புதிதாக மீன் வளர்ப்பவர்கூட அரை மணி நேரத்தில் தன் மீனின் குடும்பத்தைச் சொல்லிவிடலாம். அந்த வரிசையைத்தான் எழுதுகிறேன்.

பெயர் தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். ரெட்டெயில் கேட்ஃபிஷ் கடையில் சுண்டுவிரல் அளவில் இருக்கும், கொள்ளை அழகு. வளர்ந்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். 'ஷார்க்' என்று விற்கிற பங்காசியஸ் குஞ்சும் அப்படித்தான். அது சுறா இல்லை, ஓட்டல்களில் 'பாசா' என்ற பெயரில் தட்டுக்கு வரும் மீன்களோடு சேர்ந்தது. இரண்டடித் தொட்டியில் அதை விட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில், அது கெளுத்தி வகைதானா?

ஊர் வழக்கில் கெளுத்தி என்றால் மிஸ்டஸ் பேரினத்துச் சின்ன மீன்கள். தேளி வேறு, வாளை வேறு. கேட்ஃபிஷ் என்பது இவை எல்லாவற்றையும் அடக்கிய பெரிய வரிசை. உலகம் முழுக்க 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் அதில் உண்டு. வேறு நல்ல சொல் இல்லாததால் எல்லாவற்றையும் 'கெளுத்தி வகை' என்றே இங்கே சொல்கிறேன்.

கெளுத்தி வகைக்குச் செதில் கிடையாது. உடம்பு வழவழப்பான வெறுந்தோலாக இருக்கும், அல்லது எலும்புத் தகடுகள் கவசம்போல அடுக்கியிருக்கும். பெரும்பாலானவற்றுக்கு முதுகுத் துடுப்பின் முன்னாலும் இரு மார்புத் துடுப்புகளின் முன்னாலும் தடித்த முள் ஒன்று நிற்கும்.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்பதெல்லாம் சக்கர் (உறிஞ்சு வாயுள்ள கெளுத்தி வகை) ஆகிவிடாது. 'சைனீஸ் ஆல்கே ஈட்டர்' என்று விற்கிற மீனுக்குச் செதில் உண்டு, மீசை இல்லை. அது கெண்டைகளின் தூரத்து உறவு. நம் அயிரை போன்ற லோச் மீன்களுக்கு மீசை உண்டு, அதனால்தான் குழப்பம். ஆனால் அவற்றின் முதுகுத் துடுப்பில் அந்தத் தடித்த முள் இருக்காது. போட்டியா போன்ற லோச்களுக்குக் கண்ணுக்குக் கீழே மடித்து நிமிர்த்தக்கூடிய ஒரு சின்ன முள் இருக்கும். அது இருந்தால் மீன் லோச்தான், இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம்.

படம் எடுங்கள், வலையை ஓரமாக வையுங்கள்

நீந்திக்கொண்டிருக்கும் மீனைப் பார்த்து மீசை எண்ண முடியாது. நல்ல படம் நான்கு இருந்தால் வேலை பாதி முடிந்தது.

வலையில் பிடிக்காதீர்கள். முதுகு முள்ளையும் மார்பு முள்ளையும் விறைப்பாக நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும் மீன்கள் இவை. வலைக் கண்ணியில் முள் மாட்டினால் இழுத்து எடுக்க முடியாது. வலையைத்தான் வெட்ட வேண்டும். பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் தொட்டிக்குள் சாய்த்து வைத்து, மீனை மெதுவாக அதற்குள் ஓட்டுங்கள். இனிப்புக் கடையில் தரும் தெளிவான சதுர டப்பா இதற்கு அருமையாகப் பொருந்தும். தொட்டித் தண்ணீரே இருக்கட்டும். மேலே மூடி வையுங்கள், துள்ளி விழும்.

டப்பாவுக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம், கீழே ஒரு ஸ்கேல். ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் போதும். நேர் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, வயிறும் வாயும் தெரியும்படி கீழிருந்து ஒன்று, முகத்தை மட்டும் நெருங்கி ஒன்று. ஐந்து நிமிடத்தில் மீனைத் திருப்பி விட்டுவிடுங்கள். சக்கர் வகையாக இருந்தால் கீழ்ப்படத்துக்குச் சிரமமே இல்லை. அதுவே கண்ணாடியில் ஒட்டி வயிற்றைக் காட்டும்.

நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம்வரை அளக்க வேண்டும். வால் நுனி கிழிந்திருக்கலாம், இழைபோல நீண்டும் இருக்கலாம், அதனால் அதை நம்பி அளக்கக் கூடாது. வாங்கிய தேதி, அன்றைய நீளம், கடையில் சொன்ன பெயர், விலை, கூட்டமாகத் திரிகிறதா தனியாகப் பதுங்குகிறதா என்பதையும் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். பகலில் கண்ணிலேயே படாத மீனாக இருந்தால் விளக்கை அணைத்து அரை மணி கழித்துப் போய்ப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. தேளிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அதன் மார்பு முள்ளில் நஞ்சு உண்டு. கருப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கடல் கெளுத்திக் குஞ்சுகள் பந்துபோலத் திரண்டு நீந்துவதைப் பார்த்தால் கையை விடத் தோன்றும். விடாதீர்கள், அது தேளியைவிட மோசம். குத்தினால் காயத்தைத் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். கொதிநீர் கூடாது. முள் உள்ளே உடைந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மீசையை எண்ணுவது

என்னைக் கேட்டால், ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். மீசை எத்தனை ஜோடி, எங்கே முளைத்திருக்கிறது, கிளை பிரிந்திருக்கிறதா என்ற மூன்று கேள்விகளிலேயே பாதி உலகம் ஒதுங்கிவிடும்.

மேல் தாடையில், வாயின் ஓரத்தில் ஒரு ஜோடி. பெரும்பாலும் இதுதான் நீளமானது. தாடைக்குக் கீழே ஒன்று அல்லது இரண்டு ஜோடி. இவற்றை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். நான் தவறவிட்டது நான்காவது ஜோடியை. மூக்குத் துளையின் ஓரத்தில் குட்டையாக, மயிரிழைபோல நிற்கும். பக்கவாட்டுப் படத்தில் தெரியாது. மேலிருந்து எடுத்த படத்தையோ முகப் படத்தையோ பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

இந்த மூக்கு மீசை ஏன் முக்கியம்? தென் அமெரிக்காவின் பிமெலோடஸ் குடும்பத்துக்கு அது கிடையாது, மொத்தம் மூன்று ஜோடிதான். நம் கெளுத்திகள் சேர்ந்த பாக்ரிட் குடும்பத்துக்கு அது உண்டு, நான்கு ஜோடி. இரண்டும் வெவ்வேறு கண்டங்களில் ஒரே மாதிரி வாழ்க்கை வாழ்ந்து ஒரே மாதிரி உருவம் எடுத்தவை. நீண்ட மீசை, கவட்டை வால், வெள்ளி உடம்பு, கோடு எல்லாம் ஒத்துப்போகும். மூக்கில் இருக்கும் அந்தச் சின்ன இழை ஒத்துப்போகாது. என் மூன்று மீன்களுக்கும் அது இருந்தது. அமேசான் கதை அங்கேயே முடிந்தது.

தேளிக்கும், நடக்கும் கெளுத்தி எனப்படும் கிளாரியஸுக்கும்கூட நான்கு ஜோடிதான். அவற்றைத் துடுப்பை வைத்துப் பிரிக்கலாம், பின்னால் சொல்கிறேன்.

கீழ்த்தாடை மீசை மட்டும் சீப்புப்பல்போலக் கிளை பிரிந்திருந்து, மேல்தாடை மீசை கிளையில்லாமல் இருந்தால் அநேகமாக ஆப்பிரிக்காவின் சினோடான்டிஸ். மல்லாந்து நீந்தும் மீன் என்று விற்கப்படுவது இந்தப் பேரினம். இதில் ஒரு சிக்கல் உண்டு. மல்லாந்து நீந்துவதையே தொழிலாகக் கொண்ட நைக்ரிவென்ட்ரிஸ் 10 செ.மீ. சுற்றில் நின்றுவிடும். ஆனால் வேறு பல சினோடான்டிஸ்களும் அவ்வப்போது மல்லாந்து நீந்தும். அதில் ஒன்றான யூப்டெரஸ் 20 செ.மீ. தாண்டி வளரும். நைக்ரிவென்ட்ரிஸுக்கு முதுகைவிட வயிறு கறுப்பாக இருக்கும். அதைப் பாருங்கள், நீச்சலைப் பார்க்காதீர்கள்.

இரண்டே ஜோடி மீசை, கண் வாய்க்கோட்டுக்கு அருகே தாழ்ந்திருப்பது, ஓயாமல் நடுத்தண்ணீரில் அலைவது என்றால் மேலே சொன்ன பங்காசியஸ் 'ஷார்க்'. வாயைச் சுற்றி மட்டும் குட்டை மீசைகள் கொத்தாக இருந்து, மண்ணை முகர்ந்துகொண்டே திரிந்தால் கோரிடோரஸ் உறவுகள். மண்ணும் தண்ணீரும் சுத்தமில்லாத தொட்டியில் கோரியின் மீசை தேய்ந்து காணாமலே போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மீசை இல்லையென்று வேறு குடும்பத்தைத் தேடி அலைய வேண்டாம்.

தோல், அப்புறம் துடுப்பு

கவசம் இருந்தால் தகடுகளின் வரிசையைப் பாருங்கள். உடம்பின் ஒவ்வொரு பக்கமும் இரண்டே வரிசைத் தகடுகள், மேலே ஒன்று கீழே ஒன்று, நடுவில் சேரும் கோடு என்றால் கோரிடோரஸ் குடும்பம். பல வரிசைத் தகடுகளும் உறிஞ்சு வாயும் இருந்தால் சக்கர் அல்லது பிளெக்கோ குடும்பம். பக்கவாட்டின் நடுவே ஒற்றை வரிசையில், ஒவ்வொன்றிலும் கொக்கிபோல முள் நீட்டிய தகடுகள் இருந்தால் டோராஸ் குடும்பம். தண்ணீருக்கு வெளியே எடுத்தால் இவை மார்பு முள்ளை அசைத்துக் கிறீச்சிடும். முதல் முறை கேட்டபோது டப்பாவைக் கீழே போடப் பார்த்தேன். சினோடான்டிஸும் இப்படிச் சத்தமிடும்.

வெறுந்தோல் என்றால் துடுப்புகளுக்கு வாருங்கள். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே, கதிர் (துடுப்பைத் தாங்கும் குச்சிபோன்ற எலும்பு) எதுவும் இல்லாமல் சதைமடிப்புபோல ஒன்று இருக்கிறதா? அதுதான் கொழுப்புத் துடுப்பு. கெளுத்திக்கு உண்டு, தேளிக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். தேளிக்கு முதுகுத் துடுப்பு துளியூண்டு, குதத் துடுப்பு (வாலுக்கு முன்னால் அடிப்பக்கத்தில் இருப்பது) நீளமாக ஓடும். கிளாரியஸுக்கு முதுகுத் துடுப்பே தலைக்குப் பின்னாலிருந்து வால்வரை நீளும். கடையில் வெள்ளை நிறத்தில், முதுகு முழுக்கத் துடுப்போடு ஒன்றைப் பார்த்தால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருந்தால் அதை வளர்ப்பது இந்தியாவில் 2000-ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது. தொட்டிக்கும் ஆகாது, எதையும் விழுங்கும்.

உடம்பு கண்ணாடிபோல ஊடுருவித் தெரிந்து, முதுகுத் துடுப்பு இருப்பதே தெரியாமல், குதத் துடுப்பு மட்டும் நீளமாக ஓடினால் கண்ணாடிக் கெளுத்தி. அதற்கு வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

சக்கர்களிடம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 'டேங்க் கிளீனர்' என்று 30, 40 ரூபாய்க்குக் கிடைப்பது பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ். 40 செ.மீ.யைத் தாண்டியும் போகும். பிரிஸில்நோஸ் எனப்படும் ஆன்சிஸ்ட்ரஸ் 12, 15 செ.மீ.யில் நின்றுவிடும், வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது. குட்டியாக இருக்கும்போது இரண்டும் கறுப்பாய், புள்ளியாய் ஒரே மாதிரி இருக்கும். மூக்கில் கிளைவிட்ட இழைகள் ஆண் ஆன்சிஸ்ட்ரஸுக்கு வளர்ந்த பிறகுதான் வரும். அதற்குக் காத்திருக்காமல் முதுகுத் துடுப்பு விரிந்திருக்கும் படத்தில் முன் முள்ளை விட்டுவிட்டு மற்றக் கதிர்களை எண்ணுங்கள். 7 என்றால் ஆன்சிஸ்ட்ரஸாக இருக்கலாம், ஹைப்போஸ்டோமஸ் என்ற இன்னொரு சக்கராகவும் இருக்கலாம். 9 அல்லது அதற்கு மேல், பாய்மரம்போல உயர்ந்த துடுப்பு என்றால் டெரிகோப்ளிக்திஸ். கடையிலேயே போனில் ஒரு படம் எடுத்து எண்ணிவிடலாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

அது டெரிகோப்ளிக்திஸ் என்று தெரிந்து, தொட்டி போதாமல் போனால் ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டு ஏரி குளங்களில் இன்று மீனவர் வலையைக் கிழிக்கிற அந்த மீன்கள் பெரும்பாலும் யாரோ ஒருவர் இரக்கப்பட்டு விட்ட டேங்க் கிளீனர்களின் பேரப்பிள்ளைகள்தான். கடையில் திருப்பி வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

நிறம் கடைசியில்தான்

குடும்பமும் பேரினமும் முடிவான பிறகு நிறம் உதவும். அதற்கு முன்னால் அது கெடுக்கத்தான் செய்யும். குஞ்சுக்கு ஒரு நிறம், பயந்த மீனுக்கு ஒரு நிறம், இரவில் ஒரு நிறம். நிறமே இல்லாமல் வெளுத்த அல்பினோ உண்டு. சாயம் ஏற்றி விற்பவர்களும் உண்டு.

நிறம் சரியாகப் பயன்படும் இடத்துக்கு ஜூலி கோரி நல்ல உதாரணம். கடைகளில் 'ஜூலி' என்று விற்பது கிட்டத்தட்ட எப்போதும் ட்ரைலினியாட்டஸ் என்ற வேறொரு கோரிதான். உண்மையான ஜூலியின் தலையில் புள்ளிகள் தனித்தனியாக நிற்கும். ட்ரைலினியாட்டஸின் தலையில் புள்ளிகள் ஒன்றோடொன்று இழைந்து கோலச் சிக்கல்போல ஓடும். முன்னது வடகிழக்கு பிரேசில், பின்னது மேற்கு அமேசான். இரண்டையும் வளர்க்கும் முறை ஒன்றுதான், அதனால் கடையில் சண்டை போட வேண்டாம்.

டெரிகோப்ளிக்திஸிலும் இதே கதைதான். வயிற்றில் புள்ளிகள் தனித்தனியாக இருந்தால் பார்டாலிஸ், புழு நெளிவதுபோல் இணைந்திருந்தால் டிஸ்ஜங்டிவஸ் என்பார்கள். இரண்டுக்கும் நடுவிலான வயிறுகளும் ஏராளமாக உண்டு. கலப்பாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள்.

பெயரைச் சரிபார்க்கும்போது

இப்போது உங்கள் கையில் குடும்பம், பேரினம், நீளம், நான்கு படங்கள் இருக்கின்றன. பிளானட் கேட்ஃபிஷ் தளத்தின் பட்டியலில் அந்தப் பேரினத்தைத் திறந்து, படங்களோடு உங்கள் படத்தை ஒப்பிடுங்கள். ஃபிஷ்பேஸ் தளத்தில் அதிகபட்ச நீளத்தையும் எந்த நதியைச் சேர்ந்தது என்பதையும் பாருங்கள். படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் செயலிகளை நான் ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்வேன். அவையும் நிறத்தைப் பார்த்து மயங்குகின்றன, என்னைப்போலவே.

ஒரே மீனுக்குப் பல பெயர் இருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். பிளெக்கோக்களில் எல்-46, எல்-18 என்று எண் வரும். அறிவியல் பெயர் கிடைக்காத மீன்கள் பிரேசிலிலிருந்து குவியத் தொடங்கியபோது, ஜெர்மனியின் டாட்ஸ் என்ற மீன்வளர்ப்பு இதழ் 1988-இல் தொடங்கிய ஏற்பாடு அது. சிங்கு நதியின் வரிக்குதிரை பிளெக்கோவான எல்-46-க்கு 1991-இல் முறையான பெயர் வந்தது. அப்புறமும் எல்லோரும் எண்ணைத்தான் சொல்கிறார்கள். ஒரே இனம் இரண்டு எண் வாங்கியதும் உண்டு. எல்-18-உம் எல்-85-உம் ஒரே மீன்தான்.

கோரிடோரஸ் பெயர்கள் 2024-இல் பெரிதாக மாறின. ஒரு ஆய்வு அந்தப் பேரினத்தைப் பல துண்டாக்கியது. அதன்படி வெண்கலக் கோரி ஆஸ்டியோகாஸ்டர், பாண்டா கோரி ஹாப்லிசோமா. பழைய புத்தகத்தில் கோரிடோரஸ் என்றும் புதிய பட்டியலில் வேறு பெயரிலும் இருந்தால் நீங்கள் தவறு செய்துவிட்டதாக எண்ண வேண்டாம். பெயரின் இரண்டாம் பாதியை வைத்துத் தேடினால் கிடைத்துவிடும், சில சமயம் கடைசி எழுத்துகள் மட்டும் மாறியிருக்கும்.

எங்கே நிறுத்துவது

எல்லா மீனுக்கும் இனப்பெயர் கிடைக்காது. சினோடான்டிஸில் பண்ணைகளில் கலந்து உருவாக்கிய கலப்பினங்கள் கடைக்கு வருகின்றன. எந்தப் பட்டியலிலும் அவை பொருந்தா. பிடித்த நதி தெரியாமல் இனம் சொல்ல முடியாத மீன்களும் நிறைய. அப்படிப்பட்ட இடத்தில் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது நேர்மையான பதில். எவ்வளவு வளரும், என்ன தின்னும், பக்கத்து மீனை விழுங்குமா, முள் குத்துமா ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

என் மீன்களுக்கு வருகிறேன். நான்கு ஜோடி மீசை, வெறுந்தோல், கொழுப்புத் துடுப்பு: மிஸ்டஸ் என்பதில் சந்தேகமில்லை. கொழுப்புத் துடுப்பு சின்னது, முதுகுத் துடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளித் தொடங்குகிறது. மிஸ்டஸ் கவாசியஸ் போன்றவற்றுக்கு அது முதுகுத் துடுப்பை ஒட்டியே தொடங்கி நீளமாக ஓடும், எனவே அவை இல்லை. கடைசியாகத்தான் நிறம்: பக்கவாட்டில் கோடுகள், செவுளுக்குப் பின்னால் ஒரு கறுத்த புள்ளி. மிஸ்டஸ் விட்டாட்டஸ் என்று குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு வைத்திருக்கிறேன்.

மிச்சமிருந்த ஐந்து நியான்களை வேறு தொட்டிக்கு மாற்றினேன். கெளுத்திகள் நான்கடித் தொட்டியில் பெரிய பார்ப் மீன்களோடு இருக்கின்றன. அத்தை ஒவ்வொரு முறை வரும்போதும் அதன் முன்னால் நின்று, "நல்லா வளந்திருச்சேடா" என்கிறார். எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.